தண்ணீர் ஏற்றுதல்

இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் பாதிப்பேரை எனக்கு நேரில் தெரியும். மீதிப்பேரைக் கடிதங்கள் மூலமாகத் தெரியும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எழுதப்போவது ஒரு பூனையைப் பற்றி. குறியீடு, படிமம் என்றெல்லாம் யாரும் தேடவேண்டியதில்லை. திருவல்லிக்கேணியில் ஒரு வாடகை வீட்டின் பின்கட்டில் இருக்கிற, சிறுநீரகம் கெட்டுப்போன, மூன்று கிலோ சொச்சம் எடையுள்ள பெட்டைப் பூனை. ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் அதன் தோலுக்கடியில் 100 மில்லி திரவம் செலுத்துகிறேன். கவிஞரான நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "செய்யுங்கள். ஆனால் எழுதிவிடாதீர்கள். தமிழில் பூனைகள் ஏற்கெனவே ஜாஸ்தி" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. மூன்று வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் நான் எழுதிய ஒரு மதிப்புரைக்கும் இந்த ஊசிக்கும் இடையில் தீர்க்காத கணக்கு ஒன்று இருப்பதால் எழுதுகிறேன்.

அந்த மதிப்புரை ஒரு கவிதைத் தொகுதியைப் பற்றியது. வண்டிமாடு, லாரியில் அடிபட்ட நாய், கூண்டுக்கிளி என்று பக்கத்துக்குப் பக்கம் பிராணிகளின் துயரம். 'கடன் வாங்கிய இரக்கம்' என்று எழுதினேன். பிராணி வாய் பேசாது என்பதால் கவிஞர் அதன் வாயில் தன் சொந்தத் துக்கத்தை வைக்கிறார், பிறகு அதைப் பார்த்துத் தானே உருகுகிறார் என்றேன். கவிஞர் ஒரே ஒரு வரியில் பதில் போட்டிருந்தார். நீங்கள் எந்தப் பிராணியையாவது தொட்டதுண்டா என்று கேட்டிருந்தார். விமர்சனத்துக்கு வெளியே நின்று கேட்கப்படும் கேள்வி என்று அதை ஒதுக்கினேன். மாட்டைத் தொட்டவன்தான் மாட்டுக் கவிதையை மதிப்பிடலாம் என்றால் விமர்சனம் என்று ஒன்றே வேண்டாம். கால்நடை ஆய்வாளர் போதும். இன்றும் அந்த அபிப்பிராயத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கேள்வியைத் தூக்கி எறியவும் முடியவில்லை.

அது அப்பாவின் பூனை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எங்கிருந்தோ சட்டைப் பைக்குள் போட்டு எடுத்து வந்தார். பெயர் வைக்கவில்லை. "வந்தாச்சா?" என்பார், அது வரும். சென்ற ஆண்டு முதல் முறையாக அதை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனபோது சீட்டெழுதுகிறவர் பெயர் கேட்டார். 'பூனை' என்றேன். அவரும் முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல் 'பூனை' என்றே எழுதிக்கொண்டார். நானும் கௌண்டரில் உட்காருகிறவன்தான். அந்த முகம் எவ்வளவு நாள் பழக்கத்தில் வருவது என்று தெரியும்.

அதற்கு முன் இரண்டு மாதமாக அது தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தது. வாளி, குளியலறைத் தரை, துளசி மாடத்துக் குழி, ஓரிடம் பாக்கியில்லை. வெயில் காலம் என்று நினைத்தோம். உண்மையில், ஒரு பூனை கண்ணில் படுகிற அளவுக்குத் தண்ணீர் குடித்தால் சந்தேகப்படவேண்டும். பாலைவனத்துக் காட்டுப்பூனையின் வம்சம் அது. இரையின் உடம்பிலிருக்கும் ஈரத்திலேயே பெரும்பாலும் காலம் தள்ளி, சிறுநீரைச் சுண்டக் காய்ச்சியதுபோல் அடர்த்தியாக்கி வெளியேற்றும் சாமர்த்தியம் உள்ளது. அந்தச் சாமர்த்தியம்தான் முதலில் போகிறது. நீர் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், குடித்தும் ஈடுகட்ட முடியாது. மனிதச் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள் என்றால் பூனைக்கு 2 லட்சம் அளவில்தான்.

டாக்டர் இளம்பெண். கிரியாட்டினின் 4.1 என்றார். "இந்த நம்பர் ஏறவே ஆரம்பிக்கும்போது முக்கால்வாசி வேலை போயிருக்கும் சார்." இது எனக்கு விளங்கிற்று. எங்களிடத்திலும் தவணை 90 நாள் தவறிய பிறகுதான் வாராக்கடன் என்று எழுதுகிறோம். கடன் அதற்கு வெகு முன்பே கெட்டுப்போயிருக்கும். குணமாகாது என்றார். ஆனால் உடம்பு வறளாமல் பார்த்துக்கொண்டால் குமட்டல் குறையும், சாப்பிடும், சில மாதமோ ஒரு வருஷமோ அதற்கு மேலுமோ இருக்கலாம். "வீட்டிலேயே சப்-கட் கொடுங்க. நான் கத்துத் தரேன்."

கற்றுத் தந்தது கால்மணி நேரம். கற்றுக்கொண்டது மூன்று மாதம். ரிங்கர் லாக்டேட், 500 மில்லி பாட்டில், எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். குழந்தைப் பாலுக்குச் செய்வதுபோல மணிக்கட்டின் உள்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். பூனைக்கு மேலே மூன்றடி உயரத்தில் தொங்கவிட வேண்டும். கூடத்தில் அப்பாவின் ஊஞ்சல் மாட்டியிருந்த கொக்கி சும்மா இருந்தது. அதிலிருந்து கயிறு இறக்கினேன். குழாயில் திரவத்தை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றி அடைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புது ஊசி. தோள்பட்டைகளுக்கு நடுவே தளர்ந்திருக்கும் தோலைக் கூடாரம்போல் தூக்கி, அதன் அடிவாரத்தில் ஊசியைப் படுக்கவாட்டில் நுழைத்து, சக்கரத்தைத் திறந்துவிட வேண்டும். 20 துளி ஒரு மில்லி என்று உறையில் அச்சிட்டிருக்கும். அந்தத் துளிக் கணக்கு நரம்பில் ஏற்றுகிறவர்களுக்கு. இங்கே முழுக்கத் திறந்துவிட்டால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பூனையின் முதுகில் ஒரு திமில் எழும்பும். கொஞ்ச நேரத்தில் அது சரிந்து ஒரு முன்னங்காலின் பக்கம் இறங்கும். காலையில் இருக்காது, உடம்பு எடுத்துக்கொண்டிருக்கும்.

குழாயில் குமிழி தெரிந்தால் முதலில் நடுங்கிப்போவேன். காற்றை ஏற்றிக் கொல்கிற வில்லன்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. தோலுக்கடியில் அதனால் ஆபத்தில்லை என்றார் டாக்டர். அதிகம் கொடுப்பதுதான் ஆபத்து. இதயத்தால் தாங்க முடியாவிட்டால் மார்புக்குள் நீர் கோத்துக்கொள்ளும். பிரியத்தினால் இருபது மில்லி கூடக் கொடுப்பது என்கிற காரியமே கூடாது.

இந்தச் செய்கைக்கு எங்கள் வீட்டில் வழங்கும் பெயர் 'தண்ணி ஏத்தறது'. அம்மா அக்கம்பக்கத்தில் 'குளுக்கோஸ் ஏத்தறான்' என்கிறாள். இதில் குளுக்கோஸ் கிடையாது. வெறும் குளுக்கோஸ் நீரைத் தோலுக்கடியில் விடவும் கூடாது. ரத்தத்தின் உப்புக்குக் கிட்டத்தட்ட ஈடான உப்பு இருந்தால்தான் தசை அதைக் காயமில்லாமல் ஏற்கும். ஆனால் என்னை நிறுத்தியது 'ஏற்று' என்கிற வினை. கண்ணெதிரே திரவம் மேலிருந்து கீழே இறங்குகிறது. பூமியின் இழுப்பைத் தவிர வேறு விசை எதுவும் இதில் இல்லை. இருந்தும் தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற எவரும் 'தண்ணி இறக்கினாங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. பாரம் ஏற்றுவது, விளக்கேற்றுவது, ரத்தம் ஏற்றுவது. பெறுகிறவர் உடம்பிலிருந்து பார்த்தால் அது ஏற்றம்தான். மொழி பாட்டிலின் பக்கம் நிற்காமல் படுக்கையின் பக்கம் நின்றிருக்கிறது. நான் இத்தனை வருஷம் மதிப்புரைகளில் 'பார்வைக் கோணம்' என்று அடித்துச் சொல்லிவந்ததை, மருந்துக்கடை வாசலில் நிற்கிறவர்கள் ஒரு வினைச்சொல்லில் சாதாரணமாக வைத்திருக்கிறார்கள்.

பாட்டிலின் பெயரில் இருக்கும் ரிங்கர் ஒரு ஆங்கில டாக்டர். 1880களின் தொடக்கத்தில், தவளையின் இதயத்தை உப்புநீரில் போட்டுத் துடிக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். துடித்தது. பிறகு தெரியவந்தது, அந்த உப்புநீரைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்காமல் லண்டன் குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கிறார்கள் என்று. சுத்தமான தண்ணீரில் கலந்தபோது இதயம் நின்றுபோயிற்று. குழாய்த் தண்ணீரிலிருந்த சுண்ணாம்புச் சத்துதான் காரணம். லாக்டேட் அரை நூற்றாண்டு கழித்து, 1930களில், ஹார்ட்மன் என்கிற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சேர்த்தது. என் பூனையின் முதுகில் எழும்பும் திமிலுக்குப் பின்னால் ஒரு தவளையும் ஒரு கவனக்குறைவும் சில நோயாளிக் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

வங்கிக் குமாஸ்தா, விமர்சகன், பூனை என்று மூன்றும் சேர்ந்தால் நண்பர்கள் உடனே எலியட்டைக் கொண்டுவருவார்கள். அவர் லாய்ட்ஸ் வங்கியில் 1917 முதல் 1925 வரை இருந்தவர், பூனைகளைப் பற்றி ஒரு வேடிக்கைக் கவிதைப் புத்தகம் போட்டவர். அது வந்தது 1939இல். அதே வருஷத்தில்தான் கிறிஸ்டோபர் ஸ்மார்ட்டின் நெடும் பாடலும் முதல்முறையாக அச்சேறியது. பைத்தியக்கார விடுதியில் அடைபட்டிருந்தபோது, 1759க்கும் 1763க்கும் இடையில் எழுதியது. அதில் தன் பூனை ஜெஃப்ரியைப் பற்றி ஒரு நீண்ட பகுதி வருகிறது. பி.ஏ. வகுப்பில் அதைப் படித்தபோது வேடிக்கையாகத்தான் இருந்தது. இப்போது வேறொன்று தெரிகிறது. ஸ்மார்ட் பூனைமேல் இரக்கப்படவில்லை. அது காலையில் என்ன செய்கிறது, அடுத்து என்ன செய்கிறது என்று வரிசை தவறாமல் எண்ணிக்கொண்டு போகிறார். அடைபட்டுக் கிடந்தவர் அவர். பூனைக்கு அங்கே ஒரு குறையுமில்லை.

இரக்கத்தைப் பற்றி எனக்கு இந்தச் சில மாதங்களில் ஸ்தூலமாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. அது ஒரு தொழில்நுட்பக் கோளாறு. முதல் வாரம், ஊசி முனை தோலைத் தொடும் கணத்தில் 'ஐயோ பாவம்' என்று ஒன்று உள்ளே எழும். கை தயங்கும். தயங்கிய கையைச் சரிசெய்ய ஒரு வேகம் கொடுப்பேன். ஊசி கூடாரத்தின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்துவிடும். திரவமெல்லாம் ரோமத்தை நனைத்துக்கொண்டு என் மடியில் ஓடும். பூனைக்கு இரண்டு குத்து, ஒரு சொட்டும் உள்ளே போகாது. அம்மா சொன்னாள்: "அது மூஞ்சியப் பாக்காதடா. தோலப் பாரு." இதைவிடச் சிறந்த விமர்சனக் கோட்பாடு எதையும் நான் ஆங்கிலத்தில் படித்ததில்லை. தோலைப் பார்க்கத் தொடங்கிய பிறகு ஒரே குத்துத்தான்.

மாடி வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பார்த்தசாரதி கோயிலில் காலட்சேபம் தவறாதவர். ஒரு இரவு படியிறங்கி வந்து நின்று பார்த்தார். "நீங்க பிடிச்சிண்டிருக்கேளே, அந்த இடம் எது தெரியுமோ? தாய்ப்பூனை குட்டியக் கவ்வற இடம். மார்ஜார நியாயம்" என்றார். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, தாய் கவ்விக்கொண்டு போகும். ஜீவன் பகவானிடம் சேர்வது இதில் எதைப்போல என்பதில் வடகலையும் தென்கலையும் பல நூறு வருஷமாகப் பிரிந்து நிற்கின்றன. பெரியவருக்கு என் மடியில் சரணாகதி தெரிந்தது. எனக்கு அது அழகாகத்தான் பட்டது. அழகாகப் பட்டதாலேயே சந்தேகமும் வந்தது. நியாயத்தில் வருவது குட்டி. இது கிழப் பூனை. பிடரியைப் பிடித்தால் உடம்பு தளர்கிறது என்றால் அது குட்டிக் காலத்துத் தசையின் ஞாபகம். சம்மதம் என்று எப்படிச் சொல்வேன்? சில இரவுகளில் முடிந்ததும் குர்ரென்கிறது. பூனை வலியிலும் அப்படிச் செய்யும் என்று படித்திருக்கிறேன். எழுதியவர் சொல்ல உத்தேசிக்காததைப் பிரதியில் படிக்கலாம். பூனையின் முதுகில் அப்படிப் படிக்க எனக்கு உரிமை கிடையாது. போதாததற்கு, கவ்வுகிற தாய்க்கு எங்கே கொண்டுபோகிறோம் என்று தெரியும்.

அப்பாவுக்கும் சிறுநீரகம்தான். 2019இல் வாரம் இரண்டு தடவை டயாலிஸிஸ். அந்தக் கோடையில்தான் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஒரு தடவை டயாலிஸிஸுக்கு, நான்கு மணி நேரத்தில், கரைசலாக மட்டும் 120 லிட்டர் அளவுக்குச் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். வீட்டில் நாங்கள் மூன்று பேர் குடம் குடமாக எண்ணிக்கொண்டிருந்தோம். மருத்துவமனை வாசலில் லாரி வந்து நிற்கும். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஊருக்கே இல்ல. எனக்கு எதுக்குடா இவ்வளவு?" என்பார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன். மேலே சொன்ன தொகுதியையும் பிற்பாடு அதே பழக்கத்தில்தான், பென்சிலோடு, கறாராகப் படித்தேன்.

டயாலிஸிஸுக்காக இடது முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்திருந்தார்கள். அதன்மேல் விரல் வைத்தால் ரத்தம் ஓடுகிற அதிர்வு தெரியவேண்டும். தெரியாவிட்டால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு காலை அப்பா கையை நீட்டி, "குர்ருன்னு நம்ம பூனை மாதிரியே இருக்குடா. வச்சுப் பாரேன்" என்றார். எனக்கு அந்தப் புடைப்பைப் பார்க்கவே முடியவில்லை. "நேரமாச்சுப்பா" என்று சொல்லிவிட்டு வங்கிக்குக் கிளம்பினேன். அன்று பத்து நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டேன் என்பது நினைவிருக்கிறது. அவர் அந்த ஐப்பசியில் போனார். இதய நோயில் மார்பின்மேல் கைக்குத் தட்டுப்படும் அதிர்வைப் பூனையின் குர்ரொலி என்றே பிரெஞ்சு மருத்துவர் லெனெக் பெயரிட்டார் என்று வெகுநாள் கழித்துப் படித்தேன். அப்பா லெனெக்கைப் படித்தவரில்லை. கையை வைத்துப் பார்த்துச் சொன்னார்.

அப்பாமேல் எனக்கு இரக்கம் நிறைய இருந்தது. அதுதான் சங்கடம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை வைக்கவில்லை.

மேற்படி நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "அப்பாவுக்குச் செய்யாததைப் பூனைக்குச் செய்கிறீர்கள்" என்றார். எல்லோருக்கும் தோன்றக்கூடிய வாசிப்பு. எனக்கும் தோன்றியது. ஆனால் தொழில் முறையில் அது எனக்கு ஒப்பவில்லை. ஒருவர் கணக்கில் கட்டாத தவணையை இன்னொருவர் கணக்கில் கட்டி நேர்செய்ய முடியாது. கட்டினால் இரண்டு கணக்கும் தப்பாகும். அப்பாவின் கணக்கு பாக்கியோடு மூடப்பட்டுவிட்டது. பூனையை வைத்து அதைத் தீர்க்கப் பார்த்தால் நிறுத்தவேண்டிய நாளில் நிறுத்தமாட்டேன். என் பிராயச்சித்தத்துக்காக அது குத்துப்பட்டுக்கொண்டிருக்கும். கவிஞரைப் பற்றி நான் எழுதிய குற்றச்சாட்டு, பிராணியின் வாயில் தன் துக்கத்தை வைப்பது, அப்போது எனக்கே பொருந்தும்.

ஆகவே தனியாக ஒரு நோட்டு. தேதி, மில்லி, எடை, சாப்பிட்டதா, தன்னைத் தானே நக்கிக்கொண்டதா, மத்தியானம் மதில்மேல் ஏறிற்றா. டாக்டர் சொல்லிக்கொடுத்த கணக்கு: நல்ல நாட்களைவிட ஒளிந்துகொள்கிற நாட்கள் கூடினால் நிறுத்திவிடலாம். இந்த மாதம் இதுவரை நல்ல நாள் பதினொன்று, மற்றது ஏழு. போன மாதம் இருபத்துமூன்றும் ஏழும். கிரியாட்டினின் 5ஐத் தாண்டிவிட்டது. எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறது.

அந்தத் தொகுதியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கவிதைகள் அப்படியேதான் இருக்கின்றன. வண்டிமாடு இன்னும் கவிஞரின் கண்ணீரைத்தான் அழுதுகொண்டிருக்கிறது. தொட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை நல்ல கவிதைகளல்ல. ஒன்று மட்டும் விலக்கு. மாடு கன்று போடும் இரவில் ஒருவன் லாந்தர் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மாட்டின் வேதனையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எண்ணெய் விடியும்வரை வருமா என்பதுதான் அவன் கவலை. அதை அப்போது 'தட்டையானது' என்று பாதி வாக்கியத்தில் தள்ளியிருந்தேன். தொகுதியில் முகத்தைப் பார்க்காமல் தோலைப் பார்த்த கவிதை அது ஒன்றுதான். நான் அதைத் தவறாகப் படித்தேன். கவிஞருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அச்சில் செய்த தவற்றை அச்சில்தான் திருத்தவேண்டும் என்பதால் இங்கும் சொல்கிறேன்.

ஒரு பாட்டில் ஐந்து தடவைக்கு வரும், அதாவது பத்து நாளைக்கு. நேற்றோடு தீர்ந்தது. வங்கியிலிருந்து வரும் வழியில் கடைக்காரர் பழக்கத்தில், "ரெண்டா தரட்டுமா சார்?" என்றார். ஒன்று போதும் என்றேன். தெருமுனை வரை வந்தேன். திரும்பிப் போய் இன்னொன்றும் வாங்கிக்கொண்டு வந்தேன்.